பட்டுத் திரும்பும் ஒளி, புகுந்து வெளிவரும் ஒளி: வீட்டிலேயே பிரித்துப் பார்க்கும் முறை

பளபளப்பான சிவப்புப் பிளாஸ்டிக் மூடி ஒன்றை வெள்ளை விளக்கின் கீழே பிடித்து உற்றுப் பாருங்கள். மூடி முழுவதும் சிவப்பாகத்தான் தெரியும். ஆனால் அதன் வளைவில் ஓரிடத்தில் விளக்கின் உருவம் சிறு புள்ளியாக மின்னிக்கொண்டிருக்கும், அந்தப் புள்ளி மட்டும் சிவப்பாக இல்லாமல் வெள்ளையாக இருக்கும். விளக்கும் ஒன்று, மூடியும் ஒன்று. கண்ணுக்கு வந்து சேரும் ஒளியோ இரண்டு வகை. ஒரு பகுதி மேற்பரப்பில் பட்டவுடனேயே திரும்பிவிட்டது. உள்ளே நுழையாததால் பொருளின் நிறம் அதில் ஏறவில்லை. மறுபகுதி பிளாஸ்டிக்குக்குள் புகுந்து, அங்குள்ள சாயத் துகள்களிடம் நீலத்தையும் பச்சையையும் பறிகொடுத்து, எஞ்சிய சிவப்போடு நாலா திசையிலும் வெளியேறியது.

ஒளி ஒரு பொருளைச் சந்திக்கும்போது நிகழ்வனவற்றைப் பாடநூல்கள் எதிரொளிப்பு, ஒளிவிலகல், உட்கவர்தல், சிதறல் என்று தனித்தனித் தலைப்புகளில் வைத்து விளக்குகின்றன. பாடம் நடத்துவதற்கு அது வசதியான ஏற்பாடுதான். ஆனால் கையில் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பார்ப்பவருக்கு இவை எல்லாம் ஒரே நேரத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக நிகழ்வதால், எதை எங்கே தேடுவது என்ற குழப்பம் எழுகிறது. பட்டுத் திரும்பியது எது, புகுந்து வெளிவந்தது எது என்று பிரிக்கப் பழகிக்கொண்டால் மற்றவை தாமாகத் தத்தம் இடத்தில் வந்து அமர்ந்துவிடும் என்பது என் அனுபவம். கீழே உள்ள சோதனைகளை அந்த நோக்கத்தோடுதான் வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

தயார் செய்துகொள்ள வேண்டியவை

இருட்டாக்கக்கூடிய ஓர் அறை, சிறிய டார்ச் அல்லது செல்பேசியின் விளக்கு, ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் நேராகப் பிளவு வெட்டிய கெட்டியான கறுப்பு அட்டை, கண்ணாடித் தம்ளர், முகம் பார்க்கும் கண்ணாடி, வெள்ளைத் தாள்கள், அலுமினியத் தாள், சில துளி எண்ணெய், சில துளி பால், கவராயம், அளவுகோல், கோணமானி ஆகியவை போதும். இவற்றோடு போலராய்டு வகைக் குளிர்கண்ணாடி ஒன்று கிடைத்தால் கடைசிச் சோதனையையும் செய்துவிடலாம். ஒளிவிலகலை அளப்பதற்கு நிறமற்ற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றும் வேண்டும். அதன் பக்கச் சுவர்கள் செங்குத்தாக இருக்க வேண்டும். வீட்டில் கிடைக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை அடியில் குறுகியும் மேலே விரிந்தும் இருப்பதால், ஒளி உள்ளே நுழையும்போதே மேலோ கீழோ சாய்ந்து அளவு கெட்டுவிடும்.

லேசர் ஒளியைக் கொண்டு இவற்றைச் செய்ய வேண்டாம். பளபளப்பான பரப்புகளில் பட்டு அது எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, கண்ணுக்குள் போனால் விழித்திரையைக் காயப்படுத்தும். சூரியனையோ கண்ணாடியில் தெரியும் அதன் உருவத்தையோ நேராகப் பார்ப்பதும் கூடாது.

கண்ணாடி கறுப்பாகத் தெரியும் இடம்

இருட்டறையில் மேசைமேல் முகம் பார்க்கும் கண்ணாடியையும் வெள்ளைத் தாளையும் அருகருகே படுக்க வைத்து, இரண்டின் மீதும் படுமாறு டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள். எது பிரகாசமாக இருக்கும் என்று கேட்டால் கண்ணாடி என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் பக்கவாட்டில் நின்று பார்த்தால் தாள் வெள்ளையாகவும் கண்ணாடி கரும்பலகை போலவும் தெரியும். அறையைச் சுற்றி நடந்துகொண்டே பாருங்கள்: தாளின் வெளிச்சம் எங்கிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான், கண்ணாடியோ டார்ச்சுக்கு நேர் எதிரே ஒரே ஓரிடத்தில் மட்டும் கண்ணைக் கூச வைக்கும். கண்ணாடி ஒளியை விழுங்கவில்லை. பட்ட கோணத்துக்குச் சமமான கோணத்தில் ஏறக்குறைய மொத்தத்தையும் ஒரே திசையில் அனுப்பிவிட்டது, அந்தத் திசையில் நீங்கள் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது அலுமினியத் தாளை மடிப்பில்லாமல் விரித்து ஒருமுறையும், கசக்கிப் பிரித்து இன்னொரு முறையும் இதே இடத்தில் வைத்துப் பாருங்கள். கசங்கிய தாள் எல்லாத் திசைகளிலும் மின்னும். உலோகம் மாறவில்லை, விதியும் மாறவில்லை. ஒவ்வொரு சிறு முகமும் தன் தன் கோணத்தில் அதே விதிப்படி திருப்பி அனுப்புகிறது.

அப்படியானால் வெள்ளைத் தாளும் மிக நுண்ணியதாகக் கசங்கிய கண்ணாடிதானா? முழுவதும் அப்படி அன்று. தாளின் மர இழைகள் உண்மையில் ஒளிபுகும் பொருளால் ஆனவை. அவற்றின் ஒளிவிலகல் எண் (உள்ளே புகும் ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் எண்) ஏறக்குறைய 1.5, அவற்றுக்கு இடையே நிரம்பியிருக்கும் காற்றினுடையது ஏறக்குறைய 1. இப்படி இரண்டு பொருள்கள் சந்திக்கும் எல்லையில் செங்குத்தாக விழும் ஒளியில் எவ்வளவு திரும்பும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம்: இரு எண்களின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, விடையை வர்க்கப்படுத்த வேண்டும். இழைக்கும் காற்றுக்கும் இடையே 0.5-ஐ 2.5-ஆல் வகுத்தால் 0.2, அதன் வர்க்கம் 0.04, அதாவது 4 விழுக்காடு. ஓர் எல்லையில் இது அற்பம். ஆனால் தாளுக்குள் புகும் ஒளி இப்படிப் பல எல்லைகளைக் கடக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியும் திசை மாறியும் கடைசியில் பெரும்பகுதி வந்த பக்கமே வெளியேறிவிடுகிறது. வழியில் எந்த நிறமும் பறிபோகாததால் அது வெள்ளை. நுரையும் பனியும் பொடித்த கண்ணாடியும் வெண்மையாக இருப்பதற்குக் காரணம் இதுவே. இவற்றில் வெள்ளைச் சாயம் என்று எதுவுமே இல்லை.

இதைச் சரிபார்க்க ஒரு துளி எண்ணெய் போதும். தாளின் நடுவே அதை வைத்து ஊற விடுங்கள். எண்ணெயின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.47. இழைக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு வெறும் 0.03 என்பதால் எல்லையில் திரும்பும் ஒளி 4 விழுக்காட்டிலிருந்து ஏறக்குறைய 0.01 விழுக்காட்டுக்குச் சரிந்துவிடுகிறது. எல்லைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, ஆனால் ஒளியைப் பொறுத்தவரை அவை இல்லாதது போல் ஆகிவிட்டன. விளக்கு உங்கள் பக்கம் இருக்கும்படி தாளைப் பிடித்தால் எண்ணெய்க் கறை சுற்றியுள்ள தாளைவிடக் கருத்துத் தெரியும்; தாளை விளக்குக்கு முன்னால் தூக்கிப் பிடித்தால் அதே கறை சுற்றியுள்ள தாளைவிட ஒளிர்ந்து தெரியும். திரும்பாத ஒளி காணாமல் போகவில்லை, மறுபக்கம் போய்விட்டது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை. நனைந்த துணி கருத்துத் தெரிவதும் ஏறக்குறைய இதே கதைதான். நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால் விளைவு சற்றுக் குறைவு.

சாய்த்துப் பார்த்தால் எதுவும் கண்ணாடிதான்

மேலே சொன்ன 4 விழுக்காடு ஒளி செங்குத்தாக விழும்போது மட்டுமே பொருந்தும். மழமழப்பான அட்டை போட்ட புத்தகத்தைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, பரப்பை ஏறக்குறைய உரசிக்கொண்டு போகும் கோணத்தில் எதிரே உள்ள சாளரத்தைப் பாருங்கள். அட்டையில் அச்சிட்ட படம் மறைந்து சாளரம் தெளிவாகத் தெரியும். சாதாரணக் கண்ணாடிப் பலகையின் ஒரு பரப்பு, செங்குத்துக்கோட்டிலிருந்து 60 பாகை சாய்வில் 9 விழுக்காட்டையும், 80 பாகையில் 39 விழுக்காட்டையும் திருப்புகிறது; 90 பாகையை நெருங்க நெருங்க முழுவதையுமே திருப்பிவிடுகிறது. குளத்தின் ஓரத்தில் நின்று காலடியில் பார்த்தால் தரையும், தொலைவில் பார்த்தால் வானமும் தெரிவது இதனால்தான்.

இந்த இடத்தில் மின்னும் புள்ளியின் நிறத்தையும் கவனித்துவிடுங்கள். பிளாஸ்டிக், பீங்கான், வார்னிஷ் பூசிய மரம் ஆகிய எதிலும் புள்ளி விளக்கின் நிறத்திலேயே இருக்கும். பித்தளையிலோ செம்பிலோ அந்தப் புள்ளியே மஞ்சளாகவும் செந்நிறமாகவும் இருக்கும். உலோகத்திலுள்ள எலக்ட்ரான்கள் ஒளியை ஆழமாகப் புகவிடாமல் மேற்பரப்பிலேயே திருப்பிவிடுவதாலும், இந்த உலோகங்களில் அவை நீலத்தைப் பாதியளவுக்கு உட்கவர்ந்துகொள்வதாலும், பட்டுத் திரும்பும் ஒளியே நிறமேறி வருகிறது. பொன்னிறச் சாயம் கலந்த பிளாஸ்டிக்கையும் உண்மையான உலோகத்தையும் தொடாமலே பிரித்தறிய இந்தப் புள்ளி ஒன்று போதும், மேலே உலோகப் பூச்சு ஏதும் இல்லாத வரையில்.

புகும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை அளத்தல்

வெற்றிடத்தில் வினாடிக்கு 2,99,792 கிலோமீட்டர் செல்லும் ஒளி, நீரில் சுமார் 2,25,000 கிலோமீட்டரும் கண்ணாடியில் சுமார் 2,00,000 கிலோமீட்டரும் செல்கிறது. இந்த வேகங்களின் விகிதம்தான் ஒளிவிலகல் எண். வேகத்தை வீட்டில் அளக்க முடியாது; ஆனால் விகிதத்தை அளவுகோலால் அளந்துவிடலாம்.

பெட்டியில் நீரை நிரப்பி வெள்ளைத் தாளின் நடுவே வைத்து, அதன் ஓரங்களைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். பிளவு வெட்டிய அட்டையைத் தாளைத் தொட்டுக்கொண்டு செங்குத்தாக நிறுத்தி, அதன் பின்னால் டார்ச்சைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்தால் ஒளி தாளின் மேல் ஒரு கோடாக விழும். அந்தக் கோடு பெட்டியின் நீண்ட பக்கத்தைச் சாய்வாகத் தொடட்டும். வரும் கோட்டில் இரண்டு புள்ளிகள், நுழையும் இடத்தில் ஒன்று, மறுபக்கம் வெளியேறும் இடத்தில் ஒன்று, வெளியேறிய கோட்டில் இரண்டு என்று குறித்துவிட்டுப் பெட்டியை எடுத்துவிடுங்கள். நுழைந்த புள்ளியையும் வெளியேறிய புள்ளியையும் இணைத்தால் நீருக்குள் ஒளி சென்ற பாதை கிடைக்கும். வெளியேறிய கோடு வந்த கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி நகர்ந்திருக்கிறது, மறுபடியும் செய்வதே நல்லது.

பிறகு நுழைந்த புள்ளியை மையமாக வைத்து 10 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்து, அதே புள்ளி வழியாகப் பெட்டியின் பக்கத்துக்குச் செங்குத்துக்கோடும் வரையுங்கள். வந்த கதிர் வட்டத்தை வெட்டும் இடத்திலிருந்து செங்குத்துக்கோடு வரை உள்ள குறுகிய தூரத்தை அளந்து, நீருக்குள் சென்ற கதிரையும் வட்டம் வரை நீட்டி அதற்கும் அவ்வாறே அளக்க வேண்டும். கதிர் 60 பாகையில் விழுந்திருந்தால் முதல் அளவு 8.7 சென்டிமீட்டரும் இரண்டாவது 6.5 சென்டிமீட்டரும் இருக்கும், வகுத்தால் 1.34. முப்பது பாகையில் 5.0, 3.8 என்று வரும், வகுத்தால் 1.32. கோணங்கள் எப்படி மாறினாலும் இந்த விகிதம் மாறுவதில்லை. கி.பி. 2-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் தாலமி விலகுகோணங்களை அளந்து அட்டவணை இட்டிருந்தும் இந்த விகிதம் அவர் கையில் சிக்கவில்லை. 984-இல் பாக்தாதில் கணித அறிஞர் இப்னு சால் அதை எழுதிவைத்தார், 1621-இல் டச்சு அறிஞர் ஸ்நெல் தனியே கண்டுபிடித்தார். கோணத்தை விட்டுவிட்டு நீளத்தை அளக்க வேண்டும் என்ற எண்ணம் தோன்றுவதற்கு அத்தனை காலம் பிடித்திருக்கிறது என்பதை நினைத்தால், அளவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகினால் நாம் மனம் தளர வேண்டியதில்லை.

வெளியேற முடியாத ஒளி

நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது இதே விகிதம் தலைகீழாக வேலை செய்கிறது. கதிர் செங்குத்துக்கோட்டைவிட்டு விலகி விரிகிறது. நீருக்குள் கோணம் 48.6 பாகையைத் தாண்டினால் வெளியே அதற்கு உரிய கோணமே இல்லாமல் போய், ஒளி முழுவதும் உள்ளேயே திரும்புகிறது. தம்ளரில் நீர் நிரப்பிக் கண் மட்டத்துக்கு மேலே தூக்கி, பக்கச் சுவரின் வழியே கீழிருந்து நீரின் மேற்பரப்பை அண்ணாந்து பாருங்கள். பாதரசம் ஊற்றியது போல வெள்ளியாக மின்னும். வெள்ளி பூசிய கண்ணாடிகூட இவ்வளவு முழுமையாகத் திருப்புவதில்லை. வைரத்தில் இந்த மாறுநிலைக் கோணம் 24.4 பாகைதான் என்பதால், உள்ளே நுழைந்த ஒளி பலமுறை முட்டித் திரும்பிய பிறகே வெளிவர வழி கிடைக்கிறது. ஒளியிழைக் கம்பிகளும் இதே வழியில்தான் ஒளியைச் சுமந்து செல்கின்றன.

இதிலேயே எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. நீர் நிரம்பிய தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, மேலிருந்து நீரின் வழியாக, விரல்கள் பட்டிருக்கும் பக்கச் சுவரைச் சாய்வாகப் பாருங்கள். விரல்கள் அங்கேதான் இருக்கின்றன, ஆனால் சுவர் வெள்ளியாக மின்னுமே தவிர விரல்கள் முழுதாகத் தெரியாது. தெரிவது விரல் ரேகைகள் மட்டும், தசையிலிருந்து தனியே பிரித்தெடுத்து ஒட்டியது போல. விரலை மெதுவாக அழுத்தினால் ரேகைகள் தடிக்கும், தளர்த்தினால் மெலியும். ரேகையின் மேடுகள் கண்ணாடியைத் தொடும் இடங்களில் காற்று இல்லை, ஆகவே ஒளி தோலுக்குள் தப்பிவிடுகிறது. பள்ளங்களில் காற்று இருப்பதால் ஒளி முழுவதும் உள்ளேயே திரும்புவது, அதாவது முழு அக எதிரொளிப்பு, நீடிக்கிறது. ஒளி திரும்பும்போதுகூட எல்லைக்கு அப்பால் ஏறக்குறைய ஓர் அலைநீளத் தூரம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கசிந்துவிட்டே திரும்புகிறது. அந்தத் தூரத்துக்குள் தோல் வந்தால்தான் அதற்கு வழி கிடைக்கிறது. ஒளியால் இயங்கும் கைரேகைக் கருவிகள் பலவற்றின் அடிப்படை இதுதான்.

உள்ளே அலைந்துவிட்டு வரும் ஒளி

உட்கவர்தலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நீரில் இரண்டு துளி நீல மையைக் கலந்து, பாத்திரத்தின் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் பாருங்கள். பாதை நீளும் பக்கத்தில் நிறம் அழுத்தமாக இருக்கும். ஒரு சென்டிமீட்டர் நீரில் சிவப்பு பாதியாகக் குறைந்தால், இரண்டில் கால் பங்கும் மூன்றில் அரைக்கால் பங்கும் மிஞ்சும். விழுங்கப்பட்ட ஒளி பெரும்பாலும் வெப்பமாகிவிடுகிறது.

சிதறலில்தான் பொறுமை வேண்டும். தம்ளர் நீரில் ஒரே ஒரு துளி பால் விட்டுக் கலக்கி, இருட்டில் ஒரு பக்கத்திலிருந்து டார்ச் ஒளியைச் செலுத்துங்கள். முதன்முறை நான் ஒரு கரண்டிப் பாலை ஊற்றிவிட்டு, வெறும் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லையே என்று வெகுநேரம் விழித்துக்கொண்டிருந்தேன். துளித்துளியாகச் சேர்ப்பதுதான் வழி. பக்கவாட்டில் பார்த்தால் கலங்கலில் மெல்லிய நீலம் தெரியும். டார்ச்சுக்கு எதிர்ப்பக்கம் வெள்ளைத் தாளைப் பிடித்தால் அதன்மேல் விழும் வெளிச்சம் மஞ்சளாகவும், துளிகள் கூடக் கூட ஆரஞ்சாகவும் மாறும். அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்கள் குறுகிய அலைகளையே அதிகம் சிதறடிக்கின்றன. 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் மேலாகச் சிதறுகிறது. கொழுப்பு நீக்கிய பாலில் இது தெளிவாகத் தெரியும், ஏனெனில் அதில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் நுண்ணிய புரதத் துகள்களே. கொழுப்புத் துளிகள் பெரியவை, எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒன்றுபோலச் சிதறடித்து வெள்ளையாக்கிவிடும். மேகத்தின் நீர்த்துளிகளும் அப்படித்தான்.

மேற்பரப்பின் ஒளியை மட்டும் அணைத்துவிடுதல்

போலராய்டு குளிர்கண்ணாடி ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் புகவிடும். அதை முதலில் கணினித் திரைக்கு முன்னால் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். ஒரு நிலையில் திரை இருண்டுபோனால் அது உண்மையான போலராய்டுதான் என்று நம்பலாம். பிறகு ஒரு தட்டில் நீர் ஊற்றி, சாளரத்தின் பிம்பம் அதில் தெரியுமாறு நின்றுகொள்ளுங்கள். நீரில் பட்டுத் திரும்பும் ஒளி, செங்குத்துக்கோட்டிலிருந்து 53 பாகையில், முழுவதும் கிடைமட்டத்தில் அதிரும் ஒளியாகிவிடுகிறது; இப்படி ஒரே தளத்தில் அதிர்வதைத்தான் தளவிளைவு என்கிறார்கள். கண்ணாடிப் பரப்பில் அந்தக் கோணம் 56 பாகை. இந்தக் கோணத்தை 1815-இல் ஒளிவிலகல் எண்ணோடு இணைத்துக் காட்டியவர் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் புரூஸ்டர். நீர்ப் பரப்பிலிருந்து 37 பாகை உயரத்தில் கண்ணை வைத்து, குளிர்கண்ணாடியை அணியும் நிலையிலேயே பிடித்துப் பார்த்தால் சாளரத்தின் பிம்பம் அணைந்து தட்டின் அடி பளிச்சென்று தெரியும். 90 பாகை சுழற்றினால் பிம்பம் மீண்டும் வந்துவிடும்.

சர் சி.வி. ராமன் 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலை நோக்கிச் செய்தது இதையேதான். ஆழ்கடலின் நீலம் வானத்தின் நீலம் பிரதிபலிப்பதால் வருவது என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே சொல்லியிருந்தார். ராமன், போலராய்டு போலவே ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் புகவிடும் நிக்கோல் பட்டகம் ஒன்றைக் கண்ணில் வைத்து, இந்தக் கோணத்தில் மேற்பரப்பின் ஒளியை அணைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. ஆகவே அது பட்டுத் திரும்பிய ஒளியன்று, நீருக்குள் புகுந்து சிதறி வெளிவந்த ஒளி. நீரே சிவப்பைச் சிறிது சிறிதாக உட்கவர்வதும் அந்த நீலத்துக்குப் பெருங்காரணம் என்று இன்று அறிகிறோம். சிதறலைப் பற்றி அவர் தொடர்ந்து செய்த ஆய்வுகள் 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவில் போய் முடிந்தன. 1930-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

கையில் குளிர்கண்ணாடி இருக்கும்போதே இன்னும் இரண்டு இடங்களில் அதைச் சுழற்றிப் பார்த்துவிடுங்கள். பால் கலந்த தம்ளரில் ஒளிக்கற்றையைப் பக்கவாட்டில், செங்கோணத்தில் பார்த்தால், சுழற்றச் சுழற்ற அது மங்கியும் ஒளிர்ந்தும் மாறும். சிதறிய ஒளியும் தளவிளைவு பெறுகிறது என்பது அதனால் தெரியவருகிறது. கடைசியாக மழமழப்பான அலுமினியத் தாளில் தெரியும் பிம்பத்தைப் பாருங்கள். எந்தக் கோணத்தில் நின்றாலும், எப்படிச் சுழற்றினாலும் அது அணையாது. முதலில் எடுத்த சிவப்பு மூடியின் வெள்ளைப் புள்ளியோ சரியான கோணத்தில் அணைந்து, அந்த இடமும் சிவப்பாகிவிடும்.